கஞ்சித் தொட்டி சொல்லும் கணக்கு

ஸ்டான்லி மருத்துவமனையை நம் பகுதிப் பெரியவர்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பதைக் கேட்டிருப்பீர்கள். பெயர்க் காரணம் தெரியுமா?

ஹைதர் அலியுடன் நடந்த போரால் 1782-இல் சென்னையில் கடும் பஞ்சம். பசித்து வந்தவர்களுக்கு மணியக்காரர் ஒருவர் கஞ்சி ஊற்றினார் என்பார்கள். அவர் பெயரால் இடம் மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகளும் இருந்ததால் மருத்துவமும் சேர்ந்தது. அது வளர்ந்து, 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியே வந்தது.

ஒரு பானைக் கஞ்சி இவ்வளவு தூரம் வந்தது இரக்கத்தால் மட்டுமல்ல. அடுத்தடுத்துப் பொறுப்பேற்று நடத்த ஆள் இருந்தார்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நாமும் சோறு பொங்கினோம். கேட்காமலே பணம் வந்தது; ரசீதுதான் இல்லை. வெள்ளம் வடிந்ததும் கணக்கும் வடிந்துவிட்டது. மீதம் எவ்வளவு என்று இன்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

வங்கியில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். நன்கொடைக்கான வரிச்சலுகை, அதற்கென அனுமதி பெற்ற அமைப்புக்குத் தந்தால்தான் உண்டு. அதுவும் பழைய வரி முறையில் இருப்போருக்கே. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் சலுகை இல்லை. ஆனால் சலுகை கிடைக்காத நூறு ரூபாய்க்கும் ரசீது தரலாமே!

வரும் பொதுக்குழுவில் மழைக்கால நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து என்று தீர்மானம் கொண்டுவருவோம். பேரேடு எழுத நான் தயார். அடுப்படிக்கு நீங்கள் வருவீர்களா?