உடலும் மருத்துவச் சொல்லும்

யாழ்ப்பாணத்து மருத்துவ மரபு மெலிந்தவரை வாததேகி என்றும் பருத்தவரைக் கபதேகி என்றும் வழங்கியது. அச்சொற்கள் இயல்பைச் சுட்டினவேயன்றிக் குற்றத்தைச் சுட்டவில்லை.

1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைப் பின்னர்த் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், சுகரணம் என அவர்தம் நூல்களில் அமைந்த சொற்கள் உறுப்புகளின் அமைப்பையும் தொழிலையும் உணர்த்தின.

எண்ணின் மொழி பிற்பட்டது. 2004இல் உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு, ஆசிய மக்களிடையே உடற்றிணிவுச் சுட்டி 23ஐப் பொதுச்சுகாதார நடவடிக்கைக்குரிய எல்லைகளுள் ஒன்றாகக் கொண்டது. நீரிழிவு, இருதயநோய் ஆகியவற்றைத் தடுத்தற்கு இது வேண்டற்பாலதே. ஆயின், ‘உமக்கு நோய் வரக்கூடும்’ என்பது செயலுக்குத் தூண்டும். ‘நீர் மிகைப்பருமனர்’ என்பதோ ஆளையே குறையாக்கும். நாணியவர் மருத்துவரை நாடத் தயங்குவர். எனவே, எண்ணைத் தமிழாக்குவோர் அதனைக் கேட்கும் மனத்தையும் கருதுதல் கடனாம்.