விட்டு வைத்த வெளிச்சம்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து என்னைப் பார்க்க வருவான். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் 'டை'யைக் கடைசியில் கையால் தேய்த்துச் சரி செய்வது அவன் உத்தியோகம். சித்திரத்துக்கும் அவனுக்கும் வெகு தூரம் என்று நினைத்துக் கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ரெம்ப்ராண்ட் 1653-இல் செய்த 'மூன்று சிலுவைகள்' என்ற அச்சுச் சித்திரத்தைக் கைப்பேசியில் காட்டினேன். வானத்திலிருந்து ஒளி கொட்டுகிறது. அதன் நடுவே ஏசுநாதர். இரு ஓரங்களிலும் இருட்டு. பையன் அதை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கினான்.

"ஸார், எங்கே பார்த்தாலும் கோடுதானே இருக்கிறது!" என்றான்.

நான் பல வருஷமாகப் பார்த்தும் அப்படிச் சொல்லத் தோன்றியதில்லை. அது செப்புத் தகட்டில் ஊசியால் கீறியது. கீறலில் மையை அடைத்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளையால் அழுத்துவார்கள். கீறிய இடம் கறுப்பு. கீறாமல் விட்ட இடம் வெளிச்சம். கீறும்போது ஓரத்தில் எழும் பிசிறும் மையைப் பிடித்துக் கொள்வதால் கறுப்பு வெல்வெட்டுப் போல் இறங்குகிறது என்றேன்.

"பர்ரா? அதைத் தேய்த்து எடுக்கத்தானே ஸார் எங்களுக்குச் சம்பளம்!"

அந்தப் பிசிறு சில பிரதிகளிலேயே தேய்ந்து போகும். ரெம்ப்ராண்ட் அதே தகட்டைப் பிற்பாடு மறுபடி எடுத்து, கூட்டத்தில் பாதிப் பேரை இருட்டில் மூழ்கடித்துவிட்டார். மதியத்தில் தேசமெங்கும் இருள் சூழ்ந்தது என்று சுவிசேஷம் சொல்வதை அவரைப் போல் நம்பிய சித்திரக்காரர் வேறு யார்?

பையன் பெருமூச்சு விட்டான். "அவர்கள் செய்வார்கள், நாம் காப்பி அடிப்போம். எங்களுக்கும் டிராயிங் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது."

இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. உண்மையில் காப்பி அடித்த ஒரு சிறுவனின் கதையைச் சொன்னேன்.

1580-இல் அக்பர் அழைத்ததன் பேரில் கோவாவிலிருந்து ஏசு சபைப் பாதிரிமார் மூவர் பதேபூர் சிக்ரிக்குப் போனார்கள். ஆண்ட்வெர்ப்பில் பல பாஷைகளில் அச்சான பைபிளைச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். அவர் ஒவ்வொரு பாகத்தையும் முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக் கொண்டாராம். ஹீப்ருவும் கிரேக்கமும் படிக்கத் தெரிந்தவர் சபையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால் அதிலிருந்த செதுக்குச் சித்திரங்களைப் படிக்க ஓவியச் சாலையில் ஆள் இருந்தது. அதன் பிறகு ஐரோப்பியப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கேசவ தாஸ், பசாவன் முதலியோர் அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். அதுவரை நம் சித்திரங்களில் வெயில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் அடித்துக் கொண்டிருந்தது.

1600-இல் அபுல் ஹஸன் என்ற பையன், ஆகா ரிஸாவின் மகன், டூரர் 1511-இல் செதுக்கிய சிலுவைக் காட்சியை எடுத்துக் கொண்டான். மூலம் உள்ளங்கை அளவுதான். சிலுவையையும் மாதாவையும் விட்டுவிட்டு, ஓரத்தில் கைகளைப் பிசைந்து கொண்டு நிற்கும் யோவானை மட்டும் வரைந்தான். டூரரின் உலோகக் கோடுகளைத் தூரிகை நுனியால் இளக்கி, அங்கியின் மடிப்புகளுக்கு உருட்சி கொடுத்தான். துக்கத்துக்குக் காரணமே படத்தில் இல்லை. துக்கம் மட்டும் நிற்கிறது. பதின்மூன்றாவது வயதில் செய்தது என்று எழுதியும் வைத்தான். அந்தச் சிறு தாள் இன்று ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் ஜஹாங்கீர் அவனுக்குக் 'காலத்தின் அதிசயம்' என்று பொருள்படும் பட்டம் கொடுத்தார்.

"அப்புறம்?" என்றான் பையன். அவனுக்குத் திருப்தி இல்லை. அந்த முகத்தைப் பார்த்துத்தான் இன்னொரு படத்தையும் எடுத்தேன்.

மொகலாயச் சித்திரங்கள் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பார்த்து ரெம்ப்ராண்ட், கடன் தொல்லையில் திவாலாகி வீடு இழந்த அந்தச் சமயத்தில், இருபதுக்கு மேற்பட்ட பிரதிகள் எடுத்தார். அதுவும் விலை உயர்ந்த ஜப்பானியக் காகிதத்தில். மரத்தடியில் பெரியவர்கள் நால்வர் உட்கார்ந்திருக்கும் படம் அவற்றில் ஒன்று. 1656-இல் தேவதூதருக்கு ஆபிரகாம் விருந்திடும் காட்சியைச் செப்புத் தகட்டில் செய்தபோது, அந்த இருக்கையே அவர் கைக்கு வந்தது. நாற்காலி இல்லை, மேஜை இல்லை. விருந்தாளிகள் நம் வீட்டுத் திண்ணையில் போல் தரையில் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பையன் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. படத்தை விரித்துக் கொண்டே போய், வீட்டு வாசலில் வந்து நிறுத்தினான். அங்கே இருட்டில் சாராள் நின்று ஒட்டுக் கேட்கிறாள். இந்த வயதில் உனக்குப் பிள்ளை பிறக்கும் என்று விருந்தாளி சொல்ல, அவள் சிரித்தாள் என்பது கதை.

"சிரிக்கிறாளா ஸார்?"

"நீதான் பார்த்துச் சொல்லேன்."

"கோடு நெருக்கமாக இருக்கிறது," என்று கைப்பேசியைக் கண்ணருகே கொண்டு போனான்.