கவிதா மண்டலம்: புதுவை தந்த பரம்பரை

ஒரு மொழி புத்துயிர் பெறுவது அதன் தலைநகரில்தான் நிகழும் என்று நாம் பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். பல்கலைக்கழகங்களும் பெரிய அச்சகங்களும் புலவர் அவைகளும் அங்கேதானே இருக்கின்றன! ஆயினும் இலக்கிய வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கினால், புதிய குரல் பலமுறை எல்லையோரத்திலிருந்தே எழுந்திருப்பதைக் காணலாம். அதற்கு உலகறிந்த சான்று ஒன்று இசுப்பானிய மொழியில் உண்டு. தமிழில் அதற்கு இணையான சான்று நாம் வாழும் இப்புதுவையிலேயே உண்டு.

1888ஆம் ஆண்டில் சிலி நாட்டுத் துறைமுக நகரான வால்பரைசோவில் 'நீலம்' எனப் பொருள்படும் பெயருடன் ஒரு சிறு நூல் வெளிவந்தது. அதை எழுதிய ரூபன் தாரியோ நிகராகுவா நாட்டில் பிறந்தவர். அப்போது அவருக்கு 21 வயது. தளர்ந்து போயிருந்த இசுப்பானியச் செய்யுளுக்கு அவர் பிரெஞ்சுக் கவிஞர்களிடம் கற்ற இசையை ஊட்டினார். கியூபாவின் விடுதலைக்காக 1895இல் உயிர் துறந்த ஹோசே மார்த்தி போன்றோரும் அதே காலத்தில் மொழியைப் புதுக்கினர். அவ்வியக்கத்தை 'மொதெர்னிஸ்மோ' என்பர். சில ஆண்டுகளில் அது கடல் கடந்து தாய்நாடான இசுப்பானியாவையே அடைந்தது. அந்நாட்டின் இளங்கவிஞர்களான ஹுவான் ரமோன் ஹிமேனெசும் அந்தோனியோ மச்சாதோவும் தாரியோவைத் தம் வழிகாட்டியாகக் கொண்டனர். ஆண்ட நாட்டுக்கு, ஆளப்பட்ட நாடுகள் கவிதை கற்பித்தன!

அவ்வியக்கத்தின் பின்வரலாற்றில் மற்றொரு செய்தியும் நம் கருத்தைக் கவர்கின்றது. சிலி நாட்டின் தெமூக்கோ என்னும் சிற்றூரில் கபிரியேலா மிஸ்திரால் என்னும் பள்ளித் தலைமையாசிரியை இருந்தார். அவ்வூர்ச் சிறுவன் ஒருவனுக்கு அவர் உருசிய நாவல்களைப் படிக்கக் கொடுத்தார். அச்சிறுவனே பின்னாளில் பாப்லோ நெருதா எனப் புகழ்பெற்றான். ஆசிரியை 1945இலும், அச்சிறுவன் 1971இலும் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியை கத்தோலிக்க நம்பிக்கையில் ஊன்றியவர். அச்சிறுவனோ வளர்ந்து பொதுவுடைமைவாதியானான். கொள்கை வேறாயினும் கையளிப்பு நின்றுவிடவில்லை. இனி நாம் காணப்போகும் புதுவை வரலாற்றுக்கு இது நல்லதொரு முன்னுரை.

அடைக்கலம் தந்த மண்

1908 செப்டம்பரில் பாரதியார் ஆங்கில அரசின் கைதுக்குத் தப்பிப் பிரெஞ்சுப் புதுவைக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து 'இந்தியா' வார இதழும் அவ்வாண்டு அக்டோபரில் இங்கு வந்து சேர்ந்தது. ஆங்கில ஆட்சிப் பகுதிக்குள் அதற்குத் தடை விதிக்கப்பட்டதால் 1910 மார்ச்சில் நின்றுபோயிற்று. அரசியல் எழுத்துக்குக் கதவு அடைபட்டபின், கவிஞருக்கு எஞ்சியவை வறுமையும் கடற்கரையும் தோப்புகளும் நண்பர் சிலருமே. பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, வசன கவிதை ஆகியவை அந்தப் பத்தாண்டுப் புதுவை வாழ்வில் பிறந்தவை. சிந்து, கும்மி, கண்ணி என மக்கள் வாயில் வழங்கிய வடிவங்களுக்கு அவர் புதிய பொருளை ஏற்றினார். குயில் பாட்டுக்கு நிலைக்களனாக மரபாகச் சுட்டப்படும் தோப்பு, நம் சாரத்துக்கு அப்பால் கருவடிக்குப்பத்தை ஒட்டியது. 1918 நவம்பரில் புதுவை எல்லையைக் கடந்தபோது அவர் கடலூரில் கைதானார். 1921இல் சென்னையில் மறைந்தார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால், புதுவை ஒரு பெருங்கவிஞர் தங்கிச் சென்ற ஊர் என்ற பெருமையோடு நின்றிருக்கும். ஓர் இயக்கம் இங்கு வேர்கொள்ள வேறொருவர் தேவைப்பட்டார். அவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

ஆசிரியரும் மாணவரும்

கனக சுப்புரத்தினம் 1891 ஏப்ரல் 29இல் புதுவையில் பிறந்தார். 1909இல், 18 வயதில், காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழாசிரியராகப் பணியேற்றார். ஒரு திருமண வீட்டில் அவர் பாடியதைக் கேட்ட பாரதியார் அவரைத் தம் வட்டத்தில் சேர்த்துக்கொண்டார். ஒருநாள் நண்பர்கள் முன்னிலையில் பாடல் ஒன்று எழுதச் சொன்னார். சுப்புரத்தினம் சக்தியைப் பற்றி எழுதினார். அதைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்ற குறிப்போடு பாரதியாரே சுதேசமித்திரனுக்கு அனுப்பி வைத்தார். மண்டலம் என்ற அச்சொல்லில் ஒரு தொலைநோக்கு அடங்கியிருக்கிறது. தாம் ஒருவர் மட்டுமே கவிஞராக இருப்பதில் அவருக்கு நிறைவில்லை.

மாணவரும் அச்சொல்லை மறக்கவில்லை. தம் பெயரைப் பாரதிதாசன் என மாற்றிக்கொண்டார். 1935இல் 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்' என்ற பெயரிலேயே முழுவதும் கவிதையாலான இதழொன்றைத் தொடங்கினார். அவருடைய கவிதைகளின் முதல் தொகுதி 1938இல் வெளிவந்தது. குடும்ப விளக்கு, பாண்டியன் பரிசு, அழகின் சிரிப்பு ஆகிய நூல்கள் நாற்பதுகளில் தொடர்ந்தன. 1946இல், 37 ஆண்டு ஆசிரியப் பணியை நிறைவு செய்த அவருக்குச் சென்னையில் விழா எடுத்து 25,000 ரூபாய் நிதி அளித்தனர். 1947இல் தொடங்கிய 'பொன்னி' இதழ், 'பாரதிதாசன் பரம்பரை' என்ற தலைப்பிலேயே இளங்கவிஞர்களைத் தொடர்ந்து அறிமுகம் செய்தது. இங்ஙனம் பாரதி கண்ட மண்டலம், அவர் மாணவர் பெயரால் ஒரு பரம்பரையாயிற்று.

அப்பரம்பரையினருள் சிலரை இங்குக் குறிப்பிடுதல் தகும். வில்லியனூரில் 1915இல் பிறந்த வாணிதாசன் பள்ளியில் பாரதிதாசனிடமே தமிழ் பயின்றவர். இயற்கையைப் பாடுவதில் தனிச்சிறப்புப் பெற்றார். புதுவை சிவம், ஆசிரியரின் சமூகக் கருத்துகளை முன்னெடுத்துச் சென்றார். புதுவையில் வளர்ந்த தமிழ்ஒளி, தாழ்த்தப்பட்ட பெண்ணொருத்தியைக் காவியத் தலைவியாக்கி 'வீராயி' பாடினார். தம்மைச் சுப்புரத்தினதாசன் என்று அழைத்துக்கொண்ட தஞ்சை மண்ணின் மைந்தர் ஒருவர், அப்பெயரைச் சுருக்கிச் சுரதா ஆனார். தாசனுக்கு ஒரு தாசன்! பெயரிலேயே தொடர்கிறது பரம்பரை.

நம்பிக்கையாளர் கேட்கும் கேள்வி

இவ்விடத்தில் நம் வாசகர் சிலர் உள்ளத்தில் ஒரு தயக்கம் எழலாம். அது நியாயமானதே. மயிலத்து முருகனைத் துதித்து 1926இல் நூல் வெளியிட்ட அதே கவிஞர், பின்னர்த் தன்மதிப்பு இயக்கத்தில் சேர்ந்து கடவுள் நம்பிக்கையையும் சமயங்களையும் கடுமையாகச் சாடினார். இறைவனை நம்பும் நாம் அவரை எவ்வாறு படிப்பது? வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கண்டும் காணாமல் விடுவதா?

அது எளிய வழி. ஆனால் நேர்மையான வழி ஆகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு இதில் நமக்குத் துணை நிற்கிறது. இலக்கியமும் கலையும் திருச்சபையின் வாழ்வுக்குப் பெரிதும் இன்றியமையாதவை என அது கூறுகிறது. அதே ஏடு மற்றொரு கசப்பான உண்மையையும் எடுத்துரைக்கிறது: கடவுள் மறுப்பு தோன்றுவதற்கு நம்பிக்கையாளரின் பிழைபட்ட வாழ்வும் ஒரு காரணமாய் இருக்கக்கூடும்.

அவ்வுண்மையை உணர நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. புதுவைச் சம்பாக் கோவிலுக்குள் சாதியின் பேரால் மக்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவர்கள் இடிந்தாலும் சுவரெழுப்பும் மனம் எளிதில் இடிவதில்லை. சாதியையும் பெண்ணடிமையையும் பாரதிதாசன் தாக்கியபோது அவரது சினம் பட்ட இடம் எது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. அவர் முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. அவர் கண்ட காயங்கள் பொய்யல்ல என்பதை மட்டும் மறுத்தல் கூடாது.

மரபு என்பது என்ன?

இறையியலில் மரபு என்பதற்கு வழங்கும் இலத்தீன் சொல்லின் நேர்ப்பொருள் கையளித்தல் என்பதாகும். பெற்றதை ஒருவர் மற்றொருவர் கையில் கொடுக்கிறார். வாங்கிய கை அதை மண்ணில் புதைத்து வைப்பதில்லை. தன் காலத்தில் பயிரிடுகிறது. சக்தி பக்தரான ஆசிரியரிடம் கற்று, கடவுளை மறுக்கும் இடத்துக்குச் சென்ற பின்னும், பாரதிதாசன் என்ற பெயரை அம்மாணவர் களையவில்லை. ஆசிரியரைப் படியெடுக்கவும் இல்லை. பாரதியார் சிந்திலும் கண்ணியிலும் சிறந்தார். பாரதிதாசனோ எண்சீர் விருத்தத்தைத் தமக்கே உரிய முழக்கமாக்கினார். நன்றியும் விடுதலையும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1964 ஏப்ரல் 21இல் பாரதிதாசன் மறைந்தார். பெருமாள் கோவில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. பாரதியார் வாழ்ந்த ஈசுவரன் தர்மராசா கோவில் தெரு இல்லமும் அவ்வாறே. புதுவை அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிப்பது பாரதிதாசன் பாடலே. தெருக்களும் கல்லூரிகளும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் ஒரு மரபுக்கு நேரக்கூடிய பேராபத்து, பகைவரால் அழிவதைவிட, சிலையாகிப் போவதே. வாழ்த்துப் பாடலுக்கு எழுந்து நிற்கும் பிள்ளை, அக்கவிஞரின் வேறொரு பாடலையேனும் அறிந்திருக்கிறதா? பாரதி வீதி வழியே நாள்தோறும் செல்வோர் இல்லங்களில் பாரதியின் நூல் ஒன்றேனும் உண்டா?

இம்மண்டலத்தை உருவாக்கப் பெருஞ்செல்வமோ அரச ஆதரவோ தேவைப்படவில்லை. பாட்டெழுதச் சொன்ன ஓர் ஆசான், எழுதிய மாணவர், அவரிடம் பயின்ற பிள்ளைகள், துணிந்து அச்சிட்ட சிற்றிதழ்கள் இருந்தன, அதுவே போதுமானதாயிற்று. நம் இல்லங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் அன்பியக் கூட்டங்களிலும் அவ்வளவு செய்ய நமக்கும் இயலும். மாலையில் பத்து நிமிடம் ஒரு பாடலை உரக்கப் படித்துக் காட்டுவோம். பிள்ளை தானாக நான்கு வரி எழுதினால் அதை மதித்துக் கேட்போம். நமக்கு உடன்பாடில்லாத கருத்து அதில் இருந்தாலும் பொறுமையோடு கேட்போம். கையளிக்கும் கடமை நம்முடையது; அதிலிருந்து எதை விளைவிப்பது என்பது பெறுகிறவரின் உரிமை.