நெல்லுக்கா, புல்லுக்கா?

2017-ஆம் ஆண்டுக் கோடை. முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்த மாநிலம் என்று அந்தச் சனவரியில் அரசே அறிவித்திருந்தது. அப்போது கல்லூரி மாணவராயிருந்த நாம், வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் மூட்டைகளை இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பிய வண்டியொன்றில் இடம் கேட்டு ஏறிக் கொடைக்கானல் சென்றோம். மலைச் சரிவிலே ஒரு தெரு. தண்ணீர் லாரியை எதிர்நோக்கி வரிசையிலே குடங்கள் - பச்சை, சிவப்பு, நீலம். குடங்களுக்குப் பக்கத்திலே தாய்மார்கள். எதிரே ஒரு மாளிகை. அதன் முன்னே கம்பளம் விரித்தாற்போல் புல்தரை. புல்தரை நடுவே தெளிப்புக் குழாய் சுழன்று சுழன்று நீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது!

நாம் வியந்து நின்றதைக் கண்ட மூதாட்டி ஒருவர் சொன்னார்: "அது தொரைமாரு வச்ச புல்லு தம்பி. அதுக்கு முறை கெடையாது. முறையெல்லாம் நமக்குத்தான்."

முறை! குடிநீருக்கு முறை உண்டு, பாசனத்துக்கு முறை உண்டு. புல்லுக்கு மட்டும் முறை இல்லை. ஏட்டிலே படித்த பொருளியல் பாடமெல்லாம் சொல்லாததை அந்தத் தாயின் ஒரு வார்த்தை சொல்லிவிட்டது. வறட்சி வானத்திலிருந்து வருகிறது என்பார்கள். மெய்தான், மழை வராமற்போவது வானத்தின் செயல். ஆனால், இருக்கும் நீர் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று வகுப்பது யார்? வானமா? இல்லை, மனிதன்! மனிதன் வகுத்ததை மனிதன் மாற்றவும் முடியும். அதற்கு முன், இந்தப் புல்தரை எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்ற வரலாற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

"வடுகபட்டிக்கும் கொடைக்கானல் புல்தரைக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. சந்தையிலே குவியும் மலைப்பூண்டு எந்த மலையிலிருந்து இறங்குகிறதோ, அந்த மலையிலிருந்துதான் நம் நீரும் இறங்குகிறது. பெரியகுளம் நகரின் தாகத்தைத் தீர்க்கும் பேரிஜம் ஏரி அந்த மலைமேலே இருக்கிறது. வராக நதி அந்தச் சரிவுகளின் பிள்ளை. அதைத் தடுத்து நிற்கும் சோத்துப்பாறை அணை அந்த மலையின் அடியிலே இருக்கிறது. மேலே ஒருவன் வீணாக்கினால் கீழே ஒருவன் வாடுவான்.

புல்தரை இங்கிலாந்தின் செல்வம். ஆண்டு முழுதும் தூறல், வெயிலிலே கடுமையில்லை, மண்ணிலே ஈரம் - அந்த நாட்டிலே புல் தானாக வளரும். பயிர் செய்யாமல், ஆடு மாடு மேயவிடாமல், வெறும் அழகுக்கென்று நிலத்தை ஒதுக்கி வைக்க எவனால் முடியும்? சீமானால்தான் முடியும்! ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டிலே மாளிகைக்கு முன்னே புல்தரை என்பது, "உழைத்துத்தான் உண்ண வேண்டும் என்ற நிலை எமக்கில்லை" என்று அறிவிக்கும் பலகையாயிற்று. அரிவாளால் அதை மட்டமாக வெட்ட ஆட்படை வேண்டியிருந்தது. 1830-இல் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் புல்வெட்டும் பொறியைக் கண்டுபிடித்த பிறகு, நடுத்தர வீட்டாரும் சீமான் வீட்டைப் பார்த்துப் புல்தரை போடத் தொடங்கினர். பெருமைக்குப் பிறந்தது, பிறகு பழக்கமாயிற்று. பழக்கமான பின் ஏன் என்று கேட்பாரில்லை. சடங்குகள் எல்லாம் இப்படித்தானே பிறக்கின்றன!

அந்தப் பழக்கம் கப்பலேறி நம் மலைகளுக்கு வந்தது. 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சிக் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினர். 1863-இல், மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கினார். மோட்டார் ஏறும் சாலை வருமுன், துரைமாரும் துரைசானிகளும் பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் ஏறிச் சென்றனர் - நம் முன்னோர்களின் தோள்மீது! மேலே சென்று அவர்கள் தேடியது இங்கிலாந்தை. கிடைக்காத இடத்திலே அதைச் செய்துகொண்டார்கள். பங்களா, கணப்பு, ரோசாப் பாத்தி, அவற்றின் நடுவே புல்தரை!

மேலே புல் பச்சை பிடித்த அந்தக் காலத்திலேதான் கீழே மண் எரிந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் கவ்வியது. இலட்சக்கணக்கில் மக்கள் மாண்டனர். நிவாரண வேலைக்கு வந்த ஆண் கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கணக்குப் போட்டார். 1877 சனவரி முதல் நாள், விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கத் தில்லியிலே தர்பார் விருந்து நடந்தது. பஞ்சத்தின் பாடம் இதுதான்: மழை குறைந்தது இயற்கை, மக்கள் மாண்டது ஆட்சி.

அந்தப் பஞ்சத்துக்குப் பின் வந்த ஓர் ஆண்டை நம் பகுதி இளைஞர்கள் நினைவிலே நிறுத்த வேண்டும். அது 1895.

அந்த ஆண்டிலே பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரைச் சீமையையும் வாழவைத்த அணை அது. காட்டிலே காய்ச்சலுக்கு இரையான எத்தனையோ கூலிகளின் உயிர் அதன் சுண்ணாம்புக் காரையிலே கலந்திருக்கிறது. அதைத் திறந்து வைத்த ஆளுநர் வென்லாக் பிரபுவே, அதே ஆண்டிலே கொடைக்கானல் மலையிலே சூரிய ஆய்வுக் கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். பருவமழை ஏன் தவறுகிறது, சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணத்தை வளர்த்தது அந்தப் பஞ்சமே. அதே 1895-இல், அதே மலையிலே கோல்ஃப் கழகமும் தொடங்கியது!

ஓராண்டு, மூன்று செயல்கள். ஒன்று, நீரை வயலுக்குக் கொண்டுவந்த உழைப்பு. மற்றொன்று, மழையைப் புரிந்துகொள்ள முயன்ற அறிவு. மூன்றாவது, விளையாட்டுக்கு விரித்த புல். இம்மூன்றிலும் நாம் எதை அதிகம் கற்றுக்கொண்டோம்? வசதி வந்ததும் நம்மவர் முதலில் கேட்பது "லான்" போட இடம் இருக்கிறதா என்பதுதானே! துரை போய்விட்டார், அவர் விட்டுச்சென்ற புல்லுக்கு நாம் இன்னும் பணிவிடை செய்கிறோம்.

ஆய்வுக் கூடத்தின் கதையை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மழை இல்லையென்றால் கொடும்பாவி கட்டித் தெருவிலே இழுப்பதும், கழுதைக்குக் கல்யாணம் செய்வதும் நம் நாட்டு வழக்கம். 2019-இல் சென்னை ஏரிகள் வறண்டபோதும், மழை வேண்டிக் கோயில்களில் யாகம் நடத்துமாறு அறநிலையத் துறையே சுற்றறிக்கை விட்டது. சூரியப் புள்ளிகளைப் பார்த்த விஞ்ஞானிகளுக்கும் முழு விடை உடனே கிடைக்கவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. ஆகவே விடை வளர்ந்தது. 1877-இன் பேரழிவுக்குப் பசிபிக் பெருங்கடல் சூடேறிய எல் நினோவும் ஒரு காரணம் என்று இன்று சொல்ல முடிகிறது. யாகப் புகையிலிருந்து எந்தக் காலத்திலும் எந்த விடையும் எழுந்ததில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. பழனி மலைக்குப் புல் புதிதன்று! சோலைக் காடுகளும், அவற்றைச் சூழ்ந்த மலைப் புல்வெளிகளுமே அதன் பழைய ஆடை. அந்தப் புல்லுக்கு யாரும் குழாய் பிடிக்கவில்லை. பெய்த மழையை வேரிலும் மண்ணிலும் தேக்கி, சோலை வழியாகச் சிறுகச் சிறுகக் கசியவிட்டு, கோடையிலும் ஓடைகளை ஓடவைத்த புல் அது. அதை வெற்று நிலம் என்று எண்ணி, வாட்டில், பைன், தைலமரங்களை நட்டார்கள். அந்த வேலை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. நாற்பதாண்டுக் காலத்திலே பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது என்று 2018-இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. நீரைத் தந்த புல்லை அழித்தோம். நீரைத் தின்னும் புல்லை வளர்த்தோம். இதைவிடத் தலைகீழான கணக்கு உலகிலே உண்டா?

கணக்கென்றால் கணக்காகவே பார்ப்போம். புல்தரை பச்சையாக இருக்க, வறண்ட காலத்திலே வாரம் ஓர் அங்குல நீர் வேண்டும் என்பது தோட்டக்காரர்களின் பொது அளவு. ஒரு செண்ட் நிலத்தின் மேல் ஓர் அங்குலம் நீர் நிற்க ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் வேண்டும். ஐந்து செண்ட் புல்தரை வாரத்துக்கு ஐயாயிரம் லிட்டர் குடிக்கும்! பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் முந்நூறு குடங்களுக்கு மேல். கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்பது 2019-இல் தொடங்கிய குடிநீர்த் திட்டத்தில் மைய அரசு வகுத்த அளவு. அப்படியானால் அந்த ஐந்து செண்ட் புல், பதின்மூன்று பேரின் பங்கைக் குடித்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையிலே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது, ஒரு சிறுமி கேட்டாள்: "புல்லுக்கு ரேஷன் கார்டு யாருங்க சார் குடுத்தது?" நம்மிடம் விடை இல்லை.

உலகம் இதற்கு விடை தேடாமல் இல்லை. 2015 ஏப்ரல் முதல் நாள், கலிபோர்னியாவின் ஆளுநர் செர்ரி பிரவுன் சியரா நெவாடா மலையிலே, ஐந்தடிப் பனி கிடக்க வேண்டிய இடத்தில், வெறும் காய்ந்த புல்லின் மேல் நின்றுகொண்டு, நகரங்களின் நீர்ச் செலவு நான்கில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்று ஆணையிட்டார். ஐந்து கோடி சதுர அடிப் புல்தரையை அகற்றி, வறட்சி தாங்கும் செடிகளை வைக்கவும் அந்த ஆணை வழி செய்தது. 2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஆளுக்கு 50 லிட்டர் என்று வரம்பிட்டது. நகராட்சி நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சக் கூடாதென்று தடுத்தது. குழாய்கள் அடைபடும் நாள் வராமலே தப்பியது. அதே ஆண்டு மலை நகரமான சிம்லாவில் நீர் வறண்டபோது, அமைச்சரானாலும் நீதிபதியானாலும் தனி லாரியில் நீர் கூடாது, ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் மட்டுமே விலக்கு என்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. முறையை மாற்ற முடியும் என்பதற்கு இவை சான்று.

"அழகு வேண்டாமா? மலர் வேண்டாமா?" என்று கேட்பர். வேண்டும்! மக்கள் அனைவரும் உலாவும் பொதுப் பூங்கா வேண்டும்; பிள்ளைகள் ஓடியாடத் திடல் வேண்டும். அழகுக்கு நாம் பகைவரல்லர். அடுத்த வீட்டின் தாகத்திலே வளரும் அழகைத்தான் வேண்டாம் என்கிறோம். புல்தரை வைத்திருப்போரைப் பழிப்பதும் நம் நோக்கமன்று. அவர்களிடம் அறிவு பேசுவதே நோக்கம்.

என்ன செய்யலாம்? வறட்சி வந்தால் புல்லைக் காயவிடலாம். காய்ந்த அருகு செத்துப்போவதில்லை, உறங்குகிறது. முதல் மழையிலே மீண்டும் தளிர்க்கும் - இது உழவர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். காயவிட மனமில்லாதோர் புல்லை ஒட்ட வெட்டாமல் மூன்று விரல் உயரமாவது விடட்டும். வேருக்கு நிழல் கிடைக்கும். உச்சி வெயிலிலே தெளிப்பது காற்றுக்கு வார்ப்பது. விடியுமுன் வார்த்தால் மண்ணுக்குச் சேரும். நல்ல நீரை விட்டு, அரிசி கழுவிய நீரையும் காய்கறி அலசிய நீரையும் பயன்படுத்தலாம். செடியடியிலே சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி தமிழ்நாட்டிலே 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. அது தூர்ந்து கிடக்கிறதா, நீர் வாங்குகிறதா என்று திறந்து பார்க்கலாம். புதிதாக வீடு கட்டுவோர் ஐந்து செண்ட் புல்லுக்கு மாற்றாக இரண்டு வேப்பமும் ஒரு புன்னையும் நடலாம், நிழலாவது மிஞ்சும்.

இவை வீட்டுக்குள் செய்வன. வீதியிலே செய்ய வேண்டியது ஒன்றுண்டு: வறட்சிக் காலத்தில் குடிநீர் முதலில், கால்நடை அடுத்து, பயிர் அதற்கடுத்து, புல் கடைசியில் என்ற வரிசையை ஊராட்சியும் பேரூராட்சியும் நகராட்சியும் மழைக்காலத்திலேயே தீர்மானமாக எழுதிவைக்க வேண்டும். தொண்டை வறண்ட பின் எழுதும் தீர்மானம் கண்ணீரிலே நனையும், ஏட்டிலே நில்லாது. இளைஞர் மன்றங்கள் தெருத்தெருவாகக் கணக்கெடுத்து, அந்தக் கணக்கோடு மன்றத்தின் வாயிலுக்குச் செல்லட்டும்.

1927 மார்ச் 20 அன்று, மகாத் நகரின் சவதார் குளத்திலே இறங்கி அம்பேத்கர் ஒரு கை நீரை அள்ளிப் பருகினார். ஆடும் மாடும் குடிக்கலாம், மனிதரில் ஒரு பகுதியார் குடிக்கக் கூடாது என்றிருந்த முறையை அந்தக் கை உடைத்தது. நீரின் வரிசையிலே மனிதன் முதலில் நிற்க வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை. இன்று, நம் மலையிலே, அந்த வரிசையைப் புல் தாண்டி நிற்கிறது.

அந்த மூதாட்டியின் குடம் அன்று நிறைந்ததா என்பது நமக்குத் தெரியாது. லாரி வருமுன் நாம் இறங்கிவிட்டோம். ஆனால் அவர் சொன்ன சொல் நம்மோடு இறங்கி வந்தது. புல்லுக்கும் ஒரு முறை வகுப்போம், தோழர்களே! அது கடைசி முறையாக இருக்கட்டும்.