அவிழ்க்க வேண்டிய மூன்று முடிச்சு

தாலி கட்டும்போது நம்மவர்கள் மூன்று முடிச்சுப் போடுகிறார்கள். போடுவதற்கு ஒரு நிமிஷம் போதும். அவிழ்க்க நேர்ந்தால்தான் ஒவ்வொன்றும் எத்தனை இறுக்கம் என்று தெரிய வரும். பந்தம் ஒரு முடிச்சு. பிள்ளைகள் ஒரு முடிச்சு. பணம் ஒரு முடிச்சு. விவாக ரத்து வேண்டி வக்கீல் வீட்டுப் படி ஏறுகிறவர்கள் முதல் முடிச்சைப் பற்றியே பேசுவார்கள். அநுபவமுள்ள வக்கீலோ மற்ற இரண்டைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்பார்.

இந்த மூன்று முடிச்சோடும் ஆயுள் முழுவதும் போராடிய ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். இங்கிலாந்துக்காரி, பெயர் கரோலின் நார்ட்டன். நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி. கதையும் கவிதையும் எழுதிச் சம்பாதித்தவள். அந்த வகையில் எனக்கு அவள் தூரத்து உறவு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

1827-ல் ஜார்ஜ் நார்ட்டன் என்பவனுக்கு அவள் வாழ்க்கைப்பட்டாள். அவன் வக்கீலுக்குப் படித்தவன். வருமானம் குறைவு, கோபம் அதிகம். கைநீட்டுகிறவன். மனைவியின் சிநேகிதரான மெல்போர்ன் பிரபுவின் தயவால் அவனுக்கு மாஜிஸ்திரேட் உத்தியோகம் கிடைத்தது. 1836-ல் அந்த மெல்போர்ன் பிரபு பிரதம மந்திரியாக இருந்தார். அவர் மீதே, தன் மனைவியோடு கள்ள உறவு கொண்டார் என்று ஜார்ஜ் வழக்குப் போட்டான். கேட்ட நஷ்ட ஈடு 10,000 பவுன்!

வேடிக்கை என்னவென்றால், மானம் சந்தி சிரித்தது கரோலினுக்கு; ஆனால் அந்த வழக்கில் அவள் வாதியும் அல்ல, பிரதிவாதியும் அல்ல. கூண்டேறி, 'இது பொய்' என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட அவளுக்கு உரிமை இல்லை. ஜூரிகள் எழுந்து போய் ஆலோசிக்கவும் இல்லை; இருந்த இடத்திலேயே பிரபு குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டார்கள். அன்று பத்திரிகை நிருபராக உட்கார்ந்து நடவடிக்கைகளை எழுதியவர் இளைஞர் சார்லஸ் டிக்கன்ஸ்.

வழக்கில் ஜயம். அதனால் அவள் விடுதலை பெற்றாளா? அதுதான் இல்லை. குற்றம் நிரூபணமாகாததால் கணவன் அவளை விலக்க முடியாது. அவளும் அவனை விலக்க முடியாது. முன்பு ஒரு தடவை அடி தாங்காமல் வெளியேறி, மனமிரங்கித் திரும்பி வந்திருந்தாள். அப்படித் திரும்பியதாலேயே அவன் கொடுமையை மன்னித்துவிட்டாள் என்று சட்டம் கருதியது. பூரண விவாக ரத்துக்கு அந்நாளில் பார்லிமெண்டில் தனிச் சட்டமே நிறைவேற வேண்டும். 1857-க்கு முன் அப்படி நிறைவேறியவை 300-க்குச் சற்று அதிகம். அவற்றில் பெண்கள் பெற்றவை நாலே நாலு.

இரண்டாவது முடிச்சு இன்னும் கொடியது. மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்கு ஆறு வயது, கடைக்குட்டிக்கு மூன்று நிறையவில்லை. தகப்பன் அவர்களைக் கொண்டுபோய் மறைத்து வைத்தான். சட்டப்படி பிள்ளைகள் தகப்பன் சொத்து. தாய்க்குப் பார்க்கும் பாத்தியதைகூடக் கிடையாது. கரோலின் பேனாவை எடுத்தாள். துண்டுப் பிரசுரங்கள் எழுதினாள். டால்ஃபோர்டு என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் அவள் கட்சியை எடுத்துப் பேசினார். 1839-ல் சட்டம் வந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தன்னிடம் விடும்படி தாய் விண்ணப்பிக்கலாம். மூத்த பிள்ளைகளைப் பார்க்கவும் அநுமதி கேட்கலாம். நடத்தை கெட்டவள் என்று தீர்ப்பானவளுக்கு மட்டும் இரண்டும் இல்லை.

ஊருக்கெல்லாம் வழி வெட்டியவளுக்கு அந்த வழி உதவவில்லை. ஜார்ஜ் பிள்ளைகளை ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டான். அங்கே இந்தச் சட்டம் செல்லாது. 1842-ல் கடைசிப் பையன் மட்டக் குதிரையிலிருந்து விழுந்தான், காயம் விஷமாகிவிட்டது. தாய்க்குச் செய்தி வந்து, அவள் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தகப்பன் மனம் இளகி, மற்ற இருவரையும் தாயோடு பழக விட்டான்.

மூன்றாவது முடிச்சு பணம். ஆண்டுக்கு 500 பவுன் தருவதாக 1848-ல் ஜார்ஜ் கையெழுத்திட்டான். தாயார் இறந்து அவளுக்குக் கொஞ்சம் சொத்து வந்ததும் கொடுக்க மறுத்தான். 1853-ல் விவகாரம் கோர்ட்டுக்கு வந்தது. கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். ஒருவன் தனக்குத் தானே எழுதிக் கொடுத்த பத்திரம் செல்லுமா? போதாக்குறைக்கு, அவள் நாவல் எழுதிச் சம்பாதித்ததும் கணவனுக்கே சொந்தம்! இதைப் படித்தபோது என் பேனா ஒரு கணம் நின்றுவிட்டது.

அவள் பேனா நிற்கவில்லை. 1855-ல் விக்டோரியா மகாராணிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினாள். ஆணும் பெண்ணும் சமம் என்று அவள் வாதாடவில்லை. ஆதரவற்றவளுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்றுதான் கேட்டாள். 1857-ல் விவாக ரத்துக்குத் தனிக் கோர்ட்டு ஏற்பட்டது. கைவிடப்பட்ட மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே என்றும் ஆயிற்று. ஆனால் தராசு நேராக நிற்கவில்லை. மனைவி தவறினாள் என்றாலே கணவனுக்கு விடுதலை. மனைவிக்கோ, கணவன் தவறியது மட்டும் போதாது. கொடுமையோ, இரண்டு வருஷம் கைவிட்டதோ கூடச் சேர வேண்டும்.

அந்தக் கோணல் தராசு கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் வருஷத்து இந்திய விவாக ரத்துச் சட்டம் அதே அச்சில் வார்த்தது. இங்கிலாந்து 1923-லேயே திருத்திக் கொண்டது. நாம் திருத்தியது 2001-ல். இடையில் 132 வருஷம், பாளையங்கோட்டைக் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் லண்டன் பிரபுக்கள் ஒரு காலத்தில் வகுத்த அளவுகோல்தான். இந்துக்களுக்குச் சென்னை மாகாணம் 1949-லும், நாடு முழுவதும் 1955-லும் வழி திறந்தது. இருவரும் மனமொத்துப் பிரியலாம் என்பது 1976-ல்தான் வந்தது.

கரோலினின் முதல் முடிச்சை அவிழ்த்தது சட்டம் அல்ல, யமன். 1875-ல் ஜார்ஜ் இறந்தான். 1877-ல் நெடுநாள் நண்பர் ஒருவரை அவள் மணந்தாள். சில மாதங்களில் அவளும் கண்ணை மூடினாள். இன்று அவளுடைய நாவல்களைத் தேடிப் படிப்பவர் அபூர்வம். ஆனால் ஒரு தாய் கோர்ட்டில் நின்று, "என் குழந்தை என்னிடம் இருக்கட்டும்" என்று கேட்கும்போதெல்லாம், அவள் எழுத்து அங்கே பேசிக்கொண்டுதான் இருக்கிறது.