எரிசாராய அடுப்பு

எரிசாராய அடுப்பு என்பது, கடைகளில் ஸ்பிரிட் என்று விற்கப்படும் எரிசாராயத்தைத் திரியும் பம்பும் இன்றி அதன் ஆவியைக் கொண்டே எரியச் செய்து, ஓரிருவருக்கு வேண்டிய நீரையோ கஞ்சியையோ காய்ச்சிக்கொள்ள உதவும் சிறு சாதனமாகும். மலைப்பிரயாணிகள் கைக்கடக்கமாக எடுத்துச் செல்லும் இவ்வடுப்பை, காலியான இரண்டு அலுமினியக் குளிர்பான டப்பாக்களைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

எரிபொருள்: கரும்பாலைகளில் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடிக்கும் எதில் ஆல்கஹாலே எரிசாராயத்தின் பெரும்பகுதி; எவரும் அருந்தாதிருக்கும் பொருட்டு அதில் மெதில் ஆல்கஹால் முதலிய நச்சுப்பொருள்கள் கலக்கப்படுகின்றன. இது தரும் உஷ்ணம், அதே எடையுள்ள மண்ணெண்ணெய் தருவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவேயாயினும், புகையும் கரியும் இன்றி எரிவது இதன் விசேஷம்.

அமைப்பு: இரு டப்பாக்களின் அடிப்பாகங்களையும் சுமார் 3.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிக்கொண்டு, மேல்மூடியாக அமையவேண்டிய ஒன்றின் குழிந்த நடுப்பகுதியை வட்டமாக நீக்கி, விளிம்பைச் சுற்றிலும் ஊசியால் 16 முதல் 24 வரை நுண்துளைகள் இடவேண்டும். பக்கத் தகட்டிலிருந்து எடுத்த பட்டையை வளையமாக்கி, அதன் கீழ்விளிம்பில் மூன்று சிறு வெட்டுகள் செய்து, மற்றோர் அடிப்பாகத்தினுள் நடுவே நிறுத்தி, மேல்மூடியை அதன்மீது இறுகப் பொருத்தினால் இரட்டைச் சுவருள்ள அடுப்பு உருவாகிவிடும்.

செயற்படும் முறை: நடுவில் சாராயத்தை ஊற்றிக் கொளுத்தியவுடன் முதலில் அங்கே மட்டும் சுவாலை எழும். எதில் ஆல்கஹால் 78 பாகை செல்சியஸிலேயே கொதிப்பதாகையால், சிறிது நேரத்தில் இரு சுவர்களுக்கிடையே உள்ள சாராயம் ஆவியாகி, கீழ்வெட்டுகள் திரவத்தில் மூழ்கியிருப்பதனால் உள்ளே திரும்ப வழியின்றி, நுண்துளைகளின் வழியே வெளிப்பட்டுச் சுற்றிலும் பற்றி எரிகிறது. மண்ணெண்ணெய்ப் பம்பு ஸ்டவ்வை மூட்டுமுன் அதன் தலையை ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்குவதும் எரிபொருளை ஆவியாக்கும் இதே நோக்கத்துடன்தான். பாத்திரத்தைத் தனிக் கம்பித் தாங்கியின்மேல் வைத்துக் காற்றுத் தடுப்பும் அமைத்தால், சுமார் 30 மில்லிலிட்டர் சாராயத்தில் அரை லிட்டர் நீர் கொதிக்கும். ஸ்வீடன் நாட்டில் 1925இல் தோன்றிய டிராங்கியா நிறுவனம், அடுப்பு, பாத்திரம், காற்றுத் தடுப்பு மூன்றையும் ஒன்றாக இணைத்து 1951இல் வெளியிட்ட அடுப்பு உலகப் பிரசித்தி பெற்றது.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில்: தலக்கோனை அருவிக்கும் நாகலாபுரம் ஓடைகளுக்கும் மலையேறிகள் திரண்டு செல்லும் இவ்வட்டாரத்தின் சேஷாசலக் காடுகள் செம்மரத்துக்கு உறைவிடமாய், 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. வேனிலில் சருகு மூடிக் கிடக்கும் இக்காட்டில் 2014 மார்ச் மாதம் மூண்ட தீயை அணைக்க விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வரவேண்டியதாயிற்று. காப்புக்காட்டில் தீ மூட்டுவது ஆந்திரப் பிரதேச வனச் சட்டத்தின்படி (1967) குற்றமாகும். ஆதலால் வனத்துறையினர் அனுமதித்த இடத்தில், வெறும் பாறையின்மீதோ மணலின்மீதோ, அருகில் தண்ணீர் வைத்துக்கொண்டே இவ்வடுப்பை உபயோகிக்கவேண்டும்.

எச்சரிக்கை: பகலொளியில் இதன் சுவாலை கண்ணுக்குப் புலப்படாதாகையால், அடுப்பு முற்றும் ஆறுமுன் சாராயம் ஊற்றுதல் பேரபாயம். மூடிய கூடாரத்தினுள் ஏற்றினால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு தேங்கும். மெதில் ஆல்கஹால் கண்பார்வையையும் உயிரையும் போக்கவல்லதாதலால், சாராயப் புட்டியின்மேல் பெயரெழுதிக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும். ரயிலிலும் விமானத்திலும் எரிசாராயத்தை எடுத்துச் செல்லலாகாது. கோடை மாதங்களில் சேஷாசலம் செல்வோர் அடுப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கட்டுச்சோறு கொண்டுசெல்வதே தக்கது.