சலங்கை கட்டிய ஆம்பிளைகள்

எங்கள் சிவகாசிப் பக்கம் ஆம்பிளை சலங்கை கட்டுவது அதிசயமில்லை. அந்தக் காலத்துப் பொங்கல் திருவிழாக்களில் ஒயிலாட்டம் ஆடியவர்கள் ஆண்கள்தான்; என் தாத்தாவும் கைக்குட்டையை வீசி ஆடியவர். அதே வீட்டிலிருந்து நான் பரதம் கற்கப் போனபோது சிரித்தார்கள்.

பரதத்திலோ, அது சதிர் எனப்பட்ட காலத்திலிருந்தே ஆணின் இடம் நட்டுவாங்கம்: கற்றுக்கொடுப்பார், ஆடமாட்டார். மதுரையில் பிறந்து, பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவைக் கண்டு பாலே பழகிய ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியைத் தொடங்கினார். நாட்டிய நாடகத்துக்கு ஆண்கள் வேண்டுமே! ஆண்கள் ஆடும் கதகளிப் பக்கம் திரும்பினார். 1953-ல் கதகளி ஆசான் சந்து பணிக்கருடன் கேரளத்திலிருந்து வந்த சிறுவர்கள்தான் தனஞ்சயனும் பாலகோபாலனும்.

தனஞ்சயன் பின்னாளில் உடன் பயின்ற சாந்தாவை மணந்தார். இருவரும் ஜோடியாக ஆடிப் புகழ்பெற்றார்கள். பாலேயில் ஆண் பெண்ணைத் தூக்கி ஏந்துவான். பரத ஜோடியில் தொடுவதே அபூர்வம். முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டியின் ஆழமும் பார்வையும் இருவருக்கும் ஒத்துப்போக வேண்டும். இதுதான் கடினம் என்பேன்.

என் வகுப்பில் இன்றும் கிருஷ்ணன் வேஷம் பெண்பிள்ளைக்குத்தான். பையன்கள் சிலம்பத்துக்குப் போகிறார்கள். சிலம்ப வாத்தியாரிடம் கிருஷ்ணன் வேஷத்துக்கு ஒரு பையனைக் கேட்டிருக்கிறேன்.